லோபாக்கும் சிரம்பானின் பழைய கட்டடங்களும்

லோபாக் என்றால் மலாயில் முள்ளங்கி. சிரம்பான் நகரில் அப்பெயரில் ஒரு குடியிருப்புப் பகுதி உண்டு. சுங்கை உஜோங் என்று அழைக்கப்பட்ட சிரம்பான் வட்டாரம் வெள்ளீயத்தால் வளர்ந்தது. 1891இல் இங்கிருந்து போர்ட்டிக்சனுக்கு இரயில் ஓடியது. பின்பு ரப்பர் வந்தது, பால்மரம் வெட்டத் தமிழர்கள் வந்தார்கள்.

நகரில் கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்த, வெள்ளைத் தூண்கள் கொண்ட 1912ஆம் ஆண்டுச் செயலகக் கட்டடம் பின்னாளில் மாநில நூலகமானது. போற்றிக் காக்க வேண்டிய அழகு அது. அதே அக்கறை ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த லயங்களுக்குக் கிடைக்காதது பெரிய இழப்பு. ஒரே நீளக் கூரை, அடுத்தடுத்த பலகை வீடுகள், பொதுக் குழாய், பால் வாளி கவிழ்த்த வாசல். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோது பல லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தன.