வழி கேட்டு வந்த குருவின் ஊர்

பிரான்சு நாட்டில், லியோன் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், வயல்களுக்கு நடுவே அமைந்துள்ள சிற்றூர் ஆர்ஸ். 1818 பெப்ரவரி 9-ஆம் நாள், வழி தெரியாத குரு ஒருவர், ஆடு மேய்த்த சிறுவனிடம் கேட்டு அங்கு வந்து சேர்ந்தார். அவரே புனித ஜான் மரிய வியான்னி. அன்று ஊரில் இருந்தோர் சுமார் 230 பேர்.

பின்னாளில் ஆண்டுதோறும் பல்லாயிரவர் அங்கு பாவசங்கீர்த்தனம் செய்யத் திரண்டனர். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்வரை அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தார். ஆயினும், தாம் தகுதியற்றவர் எனக் கலங்கி, தனிமையை நாடி ஊரைவிட்டு வெளியேறப் பலமுறை முயன்றார். 1853-இல் மக்களே வழிமறித்து அவரை நிறுத்திக்கொண்டனர். 1859 ஆகஸ்டு 4-இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். 1925-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

பிற்காலத்தில் பெருங்கோயில் எழுப்பியபோதும், அவர் பலி நிறைவேற்றிய பழைய சிறு கோயிலை அதனோடு இணைத்தே காத்துள்ளனர். அவர் வாழ்ந்த எளிய இல்லமும் அவ்வாறே பேணப்படுகிறது.

சோர்வுற்ற வேளைகளில், மாற்றல் கேட்டு ஆயருக்கு மடல் எழுத நாமும் எண்ணியதுண்டு. அப்போதெல்லாம் ஆர்ஸ் மக்கள் நம்மையும் வழிமறிக்கின்றனர். சனிக்கிழமை மாலைகளில், எவரும் வராதபோதும், தொட்டியில் அமர்ந்திருக்கிறோம். அன்பர்களே, வாருங்கள்.