லேக் வியூ ரோட்டில் ஏரி எங்கே?

சென்னைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மெரினாவைப் பார்க்கிறார்கள், மியூசியத்தைப் பார்க்கிறார்கள், ரங்கநாதன் தெருவில் பர்ஸைத் தொலைக்கிறார்கள், ஊருக்குத் திரும்பி விடுகிறார்கள். அதே மாம்பலம் ஸ்டேஷனில் மேற்குப் பக்கமாக இறங்கினால் அங்கேயும் ஒரு உலகம் இருக்கிறது என்பது கொசுக்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

மேற்கு மாம்பலத்தை லேசாக நினைக்காதீர்கள் சார். மின்சாரத்துக்கும் எங்களுக்கும் உள்ள சொந்தம் ரொம்பப் பழசு. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் விட்டார்கள், அதுவும் மாம்பலம் வழியாக. அதற்குச் சில வருஷம் முன்னால்தான் தண்டவாளத்துக்குக் கிழக்கே கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து, தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஏரி போனாலும் எங்கள் பக்கத்தில் லேக் வியூ ரோடு போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. வியூவும் இருக்கிறது, எதிர்வீட்டு பால்கனி. லேக்தான் இல்லை.

பெயர் இருக்கும், பொருள் இருக்காது. இந்தத் தத்துவத்தை எனக்கு விளக்கிச் சொன்னது எந்தச் சாமியாரும் இல்லை. என் வீட்டுச் சுவர்.

அந்த வீட்டைத்தான் இப்போது சுற்றிக் காட்டப் போகிறேன். டிக்கெட் கிடையாது. செருப்பைக் கழற்ற வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது மாடியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். வயசு முப்பத்தைந்து. பழைய மரப்பட்டை வயரிங்கைப் பிடுங்கிவிட்டு, சுவரில் காடி எடுத்து, பைப் புதைத்து, புது வயர் இழுத்து, பூசி, டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்க நாலு மாசம் ஆனது. எல்லாம் முடிந்த அன்று வீடு கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. குணம் போகப் போகத்தான் தெரிந்தது.

முதலில் ஹால். இங்கே பார்க்க வேண்டியது சுவிட்ச் போர்டு. 'ஃபேன்' என்று நினைத்து அழுத்தினால் பெட்ரூமில் லைட் எரியும். பெட்ரூமில் தூங்குகிறவர் எழுந்து வந்து திட்டுவார். அந்தக் காற்றில் ஹாலில் இருப்பவர் ஆறிக்கொள்ளலாம்.

அடுத்து, பூஜை அறை. ராத்திரி சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்ப் மினுக் மினுக்கென்று லேசாக எரிந்துகொண்டே இருக்கும். என் அத்தை இதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், குலதெய்வம் வந்திருக்கிறது என்று. வந்திருந்தது குலதெய்வம் இல்லை. பேஸ் வயரில் வர வேண்டிய சுவிட்சை நியூட்ரல் வயரில் போட்டிருந்தார்கள். அணைத்தால் பல்ப் அணையும், ஆனால் ஹோல்டரில் கரன்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோமே என்று நம்பி பல்ப் மாற்றக் கை வைத்தால், நேராகக் குலதெய்வத்தையே தரிசித்துவிடலாம்.

மூன்றாவது, பாத்ரூம். கீசர் போட்டுப் பத்து நிமிஷத்தில் சுவிட்ச் தோசைக்கல்லாகச் சுடும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயராவது வேண்டும். இங்கே வந்திருந்தது டியூப் லைட்டுக்குப் போடுகிற 1 சதுர மில்லிமீட்டர். ஆட்டோவில் கல்யாண கோஷ்டியை ஏற்றின மாதிரி.

இதுவரைக்கும் சிரிக்கலாம். சிரித்துவிட்டு வாருங்கள், சமையலறைக்குப் போவோம்.

குடிவந்து நாலாம் நாள் காலையில் அம்மா ஃபிரிட்ஜைத் திறக்கப் போனவர் சட்டென்று கையை உதறினார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா. சுர்ருங்குது."

என் அம்மாவுக்கு எதுவுமே 'ஒண்ணுமில்ல'தான். கால் வீங்கினாலும் ஒண்ணுமில்ல, காய்ச்சல் 102 ஆனாலும் ஒண்ணுமில்ல. அவரே ஒரு விஷயத்தை வாய் திறந்து சொன்னால் அது பெரிய விஷயம். எலெக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன். வந்தார். ஃபிரிட்ஜைப் பார்த்தார். அம்மாவின் காலைப் பார்த்தார்.

"ஒண்ணும் பிரச்னை இல்ல சார். வெறுங்காலோட நிக்கிறாங்க பாருங்க. செருப்பு போட்டுக்கச் சொல்லுங்க, சரியாப் போயிடும். அப்புறம் சார், அந்த பேலன்ஸு..."

செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

பேலன்ஸ் பதினைந்தாயிரம் என் கையில் இருந்தது. என் மனைவி முதல் நாளே போட்ட சட்டம் அது. "கடைசிப் பணம் நம்ம கையில இருக்கிற வரைக்கும்தான் அவர் போனை எடுப்பார்." நான் பி.காம். படித்தவன். அக்கவுன்டன்ஸி புத்தகத்தில் ஆயிரம் பக்கத்தில் சொன்னதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

எதிர் ஃப்ளாட்டில் ஒரு மாமா. மின்வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயரானவர். விஷயத்தைச் சொன்னதும் ஒரு டெஸ்டரும், ஹோல்டரில் இரண்டு வயர் தொங்கும் ஒரு குண்டு பல்பும் எடுத்துக்கொண்டு வந்தார். பல்பின் வயர்களை பிளக் பாயின்ட்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் கொடுத்தார். பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலிலிருந்து எடுத்து மேலே இருக்கும் பெரிய ஓட்டையில், அதாவது எர்த்தில் கொடுத்தார். எரியவில்லை. அடுத்த பாயின்ட். எரியவில்லை. வீட்டிலுள்ள அத்தனை பாயின்ட்டிலும் அதே கதை.

மெயினை அணைத்துவிட்டு டி.பி. பாக்ஸைத் திறந்தார். எல்லா அறையிலிருந்தும் வந்த பச்சை வயர்கள் உள்ளே ஒன்றாகச் சேர்ந்து, ஸ்கூலுக்குப் போகும் பெண் குழந்தையின் பின்னல் மாதிரி அழகாக முறுக்கப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து எங்கேயும் போகவில்லை.

"புரியுதா? எல்லாத் தெரு சாக்கடையையும் ஒண்ணாச் சேர்த்துட்டான். ஆத்துல கொண்டு விடலை. அதனால ஒரு வீட்டுத் தண்ணி இன்னொரு வீட்டுல பொங்குது" என்றார் மாமா.

மேற்கு மாம்பலத்துக்காரனுக்கு இதைவிட நன்றாகப் புரிய வைக்க முடியாது. கசிவு ஃபிரிட்ஜில் இல்லவே இல்லை. கீசரில் கசிந்த கரன்ட் பச்சை வயர் வழியாக வந்து, பூமிக்குப் போக வழி தெரியாமல், ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வந்து நின்றிருக்கிறது. வழிகாட்ட யாராவது வெறுங்காலோடு வந்தால் அவர் உடம்பு வழியாக இறங்கிவிடும். அன்றைக்கு அம்மா வழிகாட்டினார். கசிவு கொஞ்சமாக இருந்ததால் சுர்ரோடு போயிற்று.

"மாமா, ஷாக் அடிச்சா தானா விழுகிற சுவிட்சுக்கு மூவாயிரம் பில் கொடுத்தாரே?"

அதையும் பார்த்தார். ஆர்.சி.சி.பி. கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் வயர் அதற்குள் நுழையாமல், மேம்பாலம் போட்ட மாதிரி அதைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கருவியைப் பற்றி எங்கள் பி.காம். பாஷையில் சொல்கிறேன். பேஸில் போன கரன்ட் டெபிட். நியூட்ரலில் திரும்பி வந்த கரன்ட் கிரெடிட். இரண்டும் டாலி ஆக வேண்டும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு 7 வாட் எல்.இ.டி. பல்ப் இழுக்கிற அளவுக்குக் கணக்கு உதைத்தால்கூட, 'எங்கேயோ, யார் உடம்பு வழியாகவோ பணம் வெளியே போகிறது' என்று கண்ணிமைக்கும் நேரத்தில் கடையை மூடிவிடும். வீட்டில் போடுவது இந்த 30 மில்லி ஆம்பியர் ரகம்தான். இவ்வளவு நேர்மையான ஆடிட்டரை நான் ஆபீசில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டோம். மறைக்காமல் சொன்னார்.

"அது டிரிப் ஆயிட்டே இருந்துச்சு சார். உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு டைரக்டா கொடுத்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு தடவையாவது டிரிப் ஆச்சா, சொல்லுங்க?"

ஆகவில்லைதான். நாய் குலைக்கிறதே என்று வாயைக் கட்டிப் போட்டால், திருடன் வந்தாலும் வீடு அமைதியாகத்தான் இருக்கும்.

"எர்த்து ஏம்ப்பா கொடுக்கலை?" என்றார் மாமா.

அவர் கீழே கார் நிறுத்துமிடத்தைக் காட்டினார். "குழி தோண்டலாம்னு வந்தேன் சார். அதுக்குள்ள கீழ கல்லு பாவிட்டாங்க. உடைச்சா செக்ரட்டரி சண்டைக்கு வருவார். அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன்."

அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. வேலை வரிசை தப்பிப் போயிற்று, அவ்வளவுதான். நம் ஊரில் வீட்டு வேலை கடைசிக் கட்டத்துக்கு வரும்போது பணமும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும், நல்ல நாளும் குறித்திருக்கும். டைல்ஸ்காரர் அவசரப்படுத்துவார், பெயின்டர் பக்கெட்டோடு நிற்பார். கண்ணுக்குத் தெரிகிற வேலையெல்லாம் நடந்துவிடும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளுவது எப்போதும் கண்ணுக்குத் தெரியாத வேலையைத்தான். அதன்மேல் பெயின்டும் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

பதினைந்தாயிரம் பேசியது. செக்ரட்டரியிடம் மாமா பேசினார். கல்லைப் பெயர்த்து, ஓரமாக எட்டடிக்குக் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் கல் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்றினார்கள். வேடிக்கை பார்த்த மூன்றாவது மாடிப் பையன், "அங்கிள், ஊறுகாய் போடறீங்களா?" என்று கேட்டான். பின்னலைப் பிரித்து பூமியில் சேர்த்தார்கள். ஆர்.சி.சி.பி.யை வேலைக்கு வைத்தார்கள். குண்டு பல்ப் எர்த்தில் எரிகிறதா என்பதை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார் மாமா. இதெல்லாம் தெரிந்தவர் செய்கிற வேலை, நீங்கள் செய்து பார்க்காதீர்கள்.

பிறகு கீசரைப் போட்டார்கள். அடுத்த நொடி, டப்! வீடே இருட்டு.

"பார்த்தீங்களா சார், நான்தான் சொன்னேனே!" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"நீ சொல்லலைப்பா. அது சொல்லுச்சு, நீ கேக்கலை" என்றார் மாமா. கீசரின் காயிலில் ஓட்டை. அதை மாற்றி, வயரையும் மாற்றிய பிறகு வீடு வெளிச்சமாயிற்று. அன்று சாயங்காலமே பேலன்ஸைக் கொடுத்தேன். என் மனைவி பாக்கெட் டெஸ்டர் ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டு வேலை நடக்கும் நண்பர்களுக்குச் சுற்றுலாக் குறிப்பு. வயரிங் செய்பவரிடம் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் குலதெய்வம். முடிந்ததும் மெகர் வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். ஆனால் ஒன்று, எர்த்தே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். எர்த்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் முடியும் வரை கடைசிப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

லேக் வியூ ரோட்டில் ஏரி இல்லாததால் யாருக்கும் உயிர் போகப் போவதில்லை. பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டை அப்படியில்லை. அதற்குப் பின்னால் பூமி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். குறிப்பாக, எதைக் கேட்டாலும் 'ஒண்ணுமில்லடா' என்று சொல்கிற அம்மா உங்கள் வீட்டிலும் இருந்தால்.