சோளகத்தில் ஒரு பெருநாள்

யாழ்ப்பாணம் பாசையூர்க் கரையில் வள்ளங்கள் ஏறிவிட்டன. ஜூன் 12, பின்னேரம் மூன்று மணி. வலைகள் குவிந்து கிடக்கின்றன. ஒரு குவியலின் மேல் நாய் படுத்திருக்கிறது. இன்றிரவும் நாளையும் ஒருவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். கடல்நீரேரியைத் தாண்டி வரும் சோளகக் காற்று, புனித அந்தோனியார் கோயில் முற்றத்தில் ஏற்றியிருக்கும் கொடியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது.

முற்றத்தின் மேற்குப் பக்கம் கூடு சோடிக்கிறார்கள். நாளை மாலை அந்தோனியார் அதில்தான் ஊர் சுற்றப் போகிறார். நாலு பேர் பலகைக்கு மேல் நிற்கிறார்கள், எட்டுப் பேர் கீழே நின்று சொல்கிறார்கள். சரிகைத் துணியைக் கம்பில் சேர்த்துக் கட்டுகிற நடுவயதுக்காரரின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். காலம் முழுவதும் வலை பொத்திய விரல்கள். முடிச்சுப் போடும்போது அவர் கீழே பார்ப்பதே இல்லை. கண் முழுக்க அடுத்த கம்பில் இருக்கிறது.

"அங்கால கொஞ்சம் உயர்த்து தம்பி. இல்லாட்டில் சுவாமிக்குத் தலை தட்டும்."

"தட்டாது அண்ணை. போன வருசமும் இந்த அளவுதான்."

"போன வருசம் தட்டினது. நீ பாக்கேல்லை."

மறுபேச்சில்லாமல் கம்பு உயர்கிறது.

வேப்பமரத்தடியில் பாய் விரித்துப் பெண்கள் பூக் கோர்க்கிறார்கள். மல்லிகையும் தேமாவும் நித்தியகல்யாணியும் வேறுவேறாகக் குவிந்திருக்கின்றன. அந்த வட்டத்தில் ஒரு பெண்ணின் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு இன்னும் முழுதாக அழியவில்லை. அவள் ஏன் இங்கே இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொண்டு வருகிறவர்களில் சைவர்கள் எப்போதும் உண்டு. நேர்த்தி வைத்தால் வைத்ததுதான். சொன்ன வாக்கைக் கொண்டுவந்து தீர்க்க வேண்டும் என்பதில் இந்தக் குடாநாட்டில் இரண்டு சமயம் கிடையாது.

அந்தோனியார் 1195இல் லிஸ்பனில் பிறந்து, 1231 ஜூன் 13இல் இத்தாலியின் பதுவை நகரத்தில் மறைந்தவர். அடுத்த ஆண்டே புனிதராக உயர்த்தப்பட்டார். கேட்க ஆளில்லாத ஒரு நாள் கரையில் நின்று மீன்களுக்குப் போதித்தார் என்றும், மீன்கள் தலை நீட்டிக் கேட்டன என்றும் கதை. கடலை நம்பி வாழ்கிறவர்கள் அவரைச் சொந்தமாக்கிக்கொண்டதற்கு அந்தக் கதை ஒன்றே போதும். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்ற நம்பிக்கையும் அவர் மேல் உண்டு. இந்த மண்ணில் அந்த நம்பிக்கையின் பாரம் வேறு.

ஐந்து மணிக்கு மணி அடிக்கிறது. பாதர் இன்னும் அறைவீட்டிலிருந்து வெளியே வரவில்லை. அவருக்காக ஒருவரும் காத்திருக்கவும் இல்லை. வெள்ளைச் சேலை கட்டிய ஓர் ஆச்சி முன்வாங்கில் முழந்தாளிட்டுச் செபமாலையைத் தொடங்குகிறார். அவருடைய குரல் பாதியில் நிற்கிறது, சனத்தின் குரல் அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஒலிவாங்கி அவருக்கு எட்டடி தள்ளி நிற்கிறது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

குருவானவர் இல்லாமலே கூடிச் செபிக்கும் பழக்கம் இந்தக் கரையில் நேற்று வந்ததில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். அவர்களோடு வந்த சமயம் அவர்களோடு போயிருக்க வேண்டும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். குருமார் துரத்தப்பட்டார்கள், கோயில்கள் பறிபோயின. ஆனாலும் சனம் செபத்தை விடவில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசே வாஸ் என்ற குருவானவர் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக இரந்தார். எந்த வீட்டார் அந்த மாலையைக் கண்டு கண் கலங்குகிறார்கள் என்று பார்த்தார். சில்லாலை ஊர் அவரைப் பொத்திப் பாதுகாத்தது. பூசை இரவில் நடந்தது, விடியுமுன் சனம் கலைந்தது. ஒரு குருவானவர் எல்லா ஊருக்கும் போக முடியாது. அதனால் ஊருக்கு ஊர் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் அவர் நிறுத்தினார். செபம் சொல்லிக் கொடுப்பதும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், சாகிறவர் பக்கத்தில் இருப்பதும் அவர்கள் கையில் வந்தன. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து வாஸைப் புனிதராக அறிவித்தார். இந்த ஆச்சியின் செபமாலையை அந்த இரவுகளின் தொடர்ச்சியாகவே நான் கேட்கிறேன்.

பூசை இலத்தீனில் நடந்த காலத்திலும் சனத்தின் வழிபாடு தமிழில்தான் இருந்தது. வாஸுக்குப் பின் 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற கோவாக் குரு, தமிழைக் கற்றுத் தமிழிலேயே எழுதிக் குவித்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தபசு காலத்தில் வாசிக்கப்படும்போது பெரியவர்கள் இன்றும் விம்முவதைப் பார்த்திருக்கிறேன். 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஊர்மொழியில் பூசைக்கு வழி திறந்தபோது, இங்கே பீடம்தான் சனத்தின் பக்கம் திரும்பி வந்தது. சனம் ஏற்கனவே தன் மொழியில் கடவுளோடு பேசிக்கொண்டுதான் இருந்தது.

நற்கருணை விழா தொடங்கும்போது கோயில் நிறைந்து, விறாந்தை நிறைந்து, முற்றத்து மணலும் நிறைந்துவிட்டது. பிந்தி வந்த ஆண்கள் மணலில் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு முழந்தாளிடுகிறார்கள். சாம்பிராணி வாசமும் கடல் வாசமும் சேர்ந்து வருகின்றன. பாட்டுக்குழுவில் ஒரு பெடியன் கீபோட்டில் ஒரு சுரம் முந்திவிட்டான். அவன் காது சிவக்கிறது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் தோளில் கையை வைக்கிறார். பாட்டு நேராகிறது.

எல்லாரும் தலை குனிந்திருக்கிற நேரத்தில் சொரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு தாய் தனியாக நிற்கிறார். கையில் பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு புகைப்படம். படத்தில் இருக்கும் இளைஞனுக்கு மீசை இப்போதுதான் அரும்புகிறது. படம் எடுத்த வருசத்திலேயே அவன் நின்றுவிட்டான். தாய்க்கு மட்டும் வயது ஏறியிருக்கிறது. அவர் அழவில்லை. படத்தைச் சொரூபத்தின் பாதத்தில் முட்டி, பின்பு தன் நெற்றியில் முட்டி, மறுபடி பாதத்தில் முட்டுகிறார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்களில் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற ஓர் இளம் தாய் தன் முறையை விட்டு ஓர் அடி பின்னுக்குப் போகிறாள். தொலைந்ததைத் தேடித் தருகிறவரிடம் இந்தத் தேசம் கொண்டுவந்து வைத்திருக்கிற படங்கள் எத்தனை! ஊர் பாடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாட்டுக்கு நடுவில்தான் அவருக்கும் நிற்க இடம் கிடைக்கிறது. வீட்டில் தனியே இருந்து இதைத் தாங்க முடியுமென்று நான் நம்பவில்லை.

கூடி நின்றதற்காகவே இந்தச் சனம் விலை கொடுத்திருக்கிறது. இங்கிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் குருநகர் புனித யாகப்பர் கோயில். 1993 நவம்பர் 13இல் அதன்மேல் விமானக் குண்டு விழுந்தது. 1995 ஜூலை 9இல், முன்னேறிப் பாய்தல் படை நடவடிக்கைக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமிருந்தபோது குண்டு போடப்பட்டது. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அங்கே விளக்கு ஏற்றுகிறார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் முழுதாக வீதிக்கு வந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தன. போர் முடிந்து பத்தாண்டு கழித்து, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை. கொழும்பு கொச்சிக்கடையில் இதே அந்தோனியாரின் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இத்தனைக்கும் பிறகு இந்த முற்றத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். துணிச்சல் என்று அவர்கள் இதற்குப் பெயர் வைக்கவில்லை. பெருநாள், அதனால் வருகிறார்கள்.

இரவு மணலில் பாய்கள் விரிகின்றன. கச்சான் கடைகளில் சட்டி சூடாகிவிட்டது. தும்பு முட்டாஸ்காரர் மணியடிக்கிறார். கரையூர்க் கத்தோலிக்கர் தென்மோடிக் கூத்தை வளர்த்தது இப்படியான இரவுகளில்தான். எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி, சங்கிலியன் என்று விடியவிடிய ஆடினார்கள். அண்ணாவியார் வாயால் சொல்லிக் கொடுக்க, பள்ளிக்கூடம் போகாத மீனவன் ராசாவாக நின்று நூற்றுக்கணக்கான அடிகளைப் பாடினான். இப்போது பல ஊர்களில் மேடைக்கு இசைக்குழு வருகிறது, நல்ல கூட்டமும் சேர்கிறது. ஆனால் வலை இழுக்கிற அயலவன் ராசாவாக நிற்பதை அவன் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பதற்கு எந்த இசைக்குழுவும் ஈடாகாது. இதை நான் உரக்கச் சொல்லவில்லை. பாயின் ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர், ஒலிபெருக்கியை மீறி, தன் தொடையில் தாளம் போட்டு ஏதோ ஒரு விருத்தத்தை வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்துகொண்டேன்.

பெருநாள் காலைப் பூசையில் சமாதானம் பகிரும் நேரம். இரண்டு ஆண்கள் அடுத்தடுத்து நிற்கிறார்கள். இவர் அங்கால திரும்பிக் கும்பிடுகிறார், அவர் இங்கால திரும்பிக் கும்பிடுகிறார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வலை அறுந்த வழக்கோ, காணி எல்லையோ, எனக்குத் தெரியாது. முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர் முழுதாகத் திரும்பி இருவரையும் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே நிற்கிறார். கடைசியில் இளையவர் கைகுவிக்கிறார். மூத்தவர் அந்தக் கைகளைப் பிடிக்கிறார், பிடித்த கையை உடனே விடவும் இல்லை. கிழவர் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

தூணுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டை கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். திரையில் பாரிஸில் ஒரு குசினி. அங்கே இன்னும் விடியவில்லை. முக்காடு போட்ட ஒரு பெண் அந்தக் குசினியில் முழந்தாளில் நிற்கிறாள். "அம்மா, நன்மை குடுக்கினம். வடிவாத் தெரியுதோ?" என்று கேட்கிறாள் பெட்டை. திரையிலிருந்து பதில் இல்லை. அவள் செபம் சொல்கிறாள் போலும்.

மாலை. கூடு தோளில் ஏறுகிறது. பழுப்பு அங்கியும், கையில் குழந்தை யேசுவும், லீலி மலருமாக அந்தோனியார் ஆடாமல் நிற்க, கீழே இருபது தோள்கள் நெளிகின்றன. "மெல்ல! மெல்ல! வலப் பக்கம் சரியுது!" வீதியெல்லாம் தண்ணீர் தெளித்திருக்கிறது. படலைக்குப் படலை வெள்ளைத் துணி விரித்த சிறு மேசை, அதில் சொரூபமும் மெழுகுதிரியும். காற்று திரியை அணைக்க அணைக்க மறுபடி கொளுத்துகிறார்கள். திருநீறு பூசியிருந்த பெண்ணின் படலையிலும் நிறைகுடம் இருக்கிறது. கூடு அங்கேயும் நிற்கிறது, மற்ற வீடுகளில் நின்ற அளவுக்கே. அவள் கொண்டுவந்த செம்பில் தூக்குகிறவர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள். முதன்முதலாகத் தோள் கொடுக்கிற பதினாறு வயதுப் பெடியன் ஒருவன், கூட வந்த தகப்பன் மாறச் சொல்லியும் மாறவில்லை. கோயில் வாசல் வரைக்கும் அவன்தான்.

உள்ளே வந்து ஆசீர்வாதம் முடிந்ததும் சனம் கூட்டை மொய்க்கிறது. நேற்று அவ்வளவு நேரம் கோர்த்த பூவெல்லாம் நிமிடக் கணக்கில் கைகளுக்குப் போகிறது. சரிகை கட்டிய நடுவயதுக்காரர் பலகையில் ஏறி நின்று, வீட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டுப் பங்கிடுகிறார்.

"அஞ்சு பேர் அண்ணை."

"இந்தா, அஞ்சு."

"கனடாவில ரெண்டு பேர் இருக்கினம். அவைக்கும் சேத்துத் தாங்கோவன்."

அவர் குனிந்து, நசுங்காத மல்லிகையாய்ப் பார்த்து இன்னும் இரண்டு எடுக்கிறார்.