வலு வேறு, நடை வேறு

ஓசூர் பக்கம் சிபி (பெருமூளை வாதம்) உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது இறுக்கத்தைத்தான். "காலு கட்டையாட்டம் கெடக்குதுங்க மேடம், கரண்ட் வெச்சு இளக்கி விடுங்க." இறுகிய தசைக்கு வலு இருக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மூளையிலிருந்து கட்டளை சரியாக வராத அந்தத் தசை மெலிந்தும் குட்டையாகவும் வளர்கிறது.

எங்கள் பிசியோதெரபித் தொழிலே இதில் நெடுங்காலம் தடுமாறியது. லண்டனில் போபாத் தம்பதியர் வகுத்த முறையில் வந்தவர்கள், எடை கட்டிப் பயிற்சி கொடுத்தால் இறுக்கம் கூடும் என்று பயந்தார்கள். 1990களில் அமெரிக்காவில் டயான் டாமியானோ கொடுத்துப் பார்த்தார், வலு கூடியது. ஆனால் 2012, 2013இல் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வெளிவந்த ஆய்வுகள் எங்களைக் கொஞ்சம் அடக்கின: வலு கூடியும் நடை மேம்படவில்லை.

அதனால் எந்த வேலைக்கு வலு வேண்டும் என்றுதான் பார்க்கிறேன். முக்காலியில் உட்கார்ந்து எழுவது எனக்குப் பிடித்த பயிற்சி. முழங்கால்கள் ஒட்டுகின்றனவா, குதிகால் தூக்குகிறதா, கை தொடையை ஊன்றுகிறதா? குதிகால் தரையில் இருந்து, பத்து முறை சுலபமாக எழுந்தால்தான் ஸ்கூல் பையில் அரிசிப் பொட்டலம் ஏறும். பிறகு முக்காலி தாழும். அவசரப்படும் அப்பாக்கள் பையை முதலிலேயே நிரப்பிவிடுவார்கள். பையன் கையை ஊன்றி ஏமாற்றி எழுவான்.

வாரத்துக்கு மூன்று நாளாவது செய்ய வேண்டும். அப்பா சிப்காட்டில் ஷிப்ட், அம்மாவும் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். செய்ய வைப்பது பாட்டிதான். பல வீடுகளில் எண்ணிக்கை தெலுங்கிலோ கன்னடத்திலோ நடக்கும். வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஆனாலும் செய்ய வைக்கும் பொறுப்பு பாட்டியைவிட்டு நகரவில்லை.

"நடந்துடுவானா மேடம்?" என்பார்கள். சிபி குழந்தைகளின் இயக்கத் திறனை வகைப்படுத்த 1997இல் கனடாவில் வகுத்த ஜிஎம்எப்சிஎஸ் அளவுகோலில் ஐந்து நிலைகள் உண்டு; எண் கூடக் கூடத் திறன் குறையும். நான்காம் நிலைக் குழந்தையிடம் தனி நடையை நான் வாக்களிப்பதில்லை. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது தன் எடையில் பாதியைத் தானே தாங்கினால் அம்மாவின் இடுப்பு தப்பும், அதுவே இலக்கு.

இரண்டாம் நிலைக் குழந்தையாக இருந்தால் திருப்பிக் கேட்பேன்: "எங்கேருந்து எங்கே நடக்கணும்?" பெரும்பாலும் பதில் பஸ்தான். டவுன் பஸ்ஸின் முதல் படி உயரம். முற்றத்தில் ஒரு செங்கல்லில் தொடங்கி, ஒவ்வொன்றாக அடுக்கி, பக்கவாட்டில் கம்பி பிடித்து ஏறச் சொல்கிறேன். இறங்கவும் பழக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.