மறந்த மூடி

எங்க மாமா வீட்டுக் கடல்மீன் தொட்டியில் ஒரு ஆண் ராஸ் மீனும் மூன்று பெண் மீன்களும் இருந்தன. ஒருநாள் தீனி போட்டுவிட்டு மூடியை மறந்தது நான்தான். காலையில் ஆண் மீன் தரையில் காய்ந்து கிடந்தது. "துள்ளுற மீனுடா, சொன்னேன்ல?" மாமா சொன்னது அவ்வளவுதான்.

அன்றே பெரிய பெண் மீன் மற்ற இரண்டையும் விரட்டி அதிகாரம் பண்ண ஆரம்பித்தது. சில வாரங்களில் ஆணின் நிறமும் வந்துவிட்டது! சினைப்பையே விந்துப்பையாக மாறிவிடுமாம். மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்னும் ராஸ் இனத்தில், ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் இதைக் கண்டு ராபர்ட்சன் என்பவர் 1972-ல் எழுதினார். ஆண் போன சில மணி நேரத்தில் நடத்தை மாறுகிறது. விந்து உண்டாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

கூட்டம் பிழைத்துக்கொண்டது. செத்த மீன் திரும்பவில்லையே! இப்போ மூடியை இரண்டு தடவை பார்க்கிறேன். லேத்தை ஓட்டுமுன் சக் கீயை எடுத்தாச்சா என்றும்தான்.