விலை போகாத பூவும் தலைதீபாவளியும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்வரை செண்டுமல்லிக்குக் கிராக்கிதான். பூஜை முடிந்துவிட்டால் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாது. நிலக்கோட்டைப் பக்கம் அரை ஏக்கரில் பூப் போட்டிருந்த ஒரு அம்மாவுக்கு அந்த வருடம் அதுதான் நடந்தது. மழையால் பறிப்பு தள்ளிப்போய், பாதிப் பூ பூஜைக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. சந்தையில் கேட்பாரில்லாமல் மூட்டையோடு வீடு திரும்பினார்.

இன்னும் இருபது நாளில் மகளுக்குத் தலைதீபாவளி. பூப் பணத்தை நம்பித்தான் எல்லாச் செலவும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கடன் வாங்கித் துணி எடுத்தாயிற்று. புதுத் தலையணை உறைக்கும் விரிப்புக்கும் கையில் காசில்லை. பெட்டியில் காலஞ்சென்ற கணவரின் பருத்தி வேட்டிகள் இருந்தன.

பூவை வேகவைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு துண்டை நனைத்துப் பார்த்தார். காய்ந்ததும் பளிச்சென்ற மஞ்சள். ஒரே அலசலில் பாதி நிறம் வாளித் தண்ணீரோடு போனது.

கும்பகோணம் பக்கம் கலம்காரி வேலை பார்த்த உறவுக்காரர் ஒருவர் காரணம் சொன்னார். பருத்தி, பூவின் நிறத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. முதலில் கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏற வேண்டும். அதன்மேல் படிகாரம் ஏற வேண்டும். பிறகுதான் சாயம் நிற்கும்.

அதன்படி வேட்டிகளைச் சலவை சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசினார். அரை கிலோ துணிக்கு 100 கிராம் கடுக்காய்த்தூள் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிழிந்து காயவைத்தார். மறுநாள் 75 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஊறவைத்தார். ஈரத் துணியை விரித்து, மருந்து அடிக்காத வரப்போரச் செடிகளின் பூவிதழ்களைத் தூவினார். உறவுக்காரர் பாட்டிலில் கொடுத்த, துருப்பிடித்த இரும்பு ஊறிய வெல்லத் தண்ணீரில் வேப்பிலைகளை நனைத்து இடையிடையே வைத்தார். துணியை ஒரு கம்பில் இறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டி, பழைய இட்லிப் பானையில் ஒரு மணி நேரம் ஆவியில் வைத்தார். அந்தப் பானையை மறுபடி சமையலுக்கு எடுக்கவில்லை.

மறுநாள் பிரித்தபோது இதழ் விழுந்த இடமெல்லாம் பொன் மஞ்சள். வேப்பிலை இருந்த இடத்தில் சாம்பல் கறுப்பு. நிழலில் உலர்த்தி, இரண்டு நாள் கழித்து அலசினார். தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் இறங்கியது. பூவும் இலையும் துணியில் அப்படியே நின்றன.

தீபாவளியன்று மகள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் வேட்டிக் கரை தெரிந்தது.

"அப்பா வேட்டியாம்மா?" என்றாள்.

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். ஊருக்குப் புறப்படும்போது மகள் ஓர் உறையைத் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இதனால் பூவில் விழுந்த நஷ்டம் ஈடாகவில்லை. துணிக்குச் செலவானது ஒரு கூடைப் பூதான். மீதி குப்பைக் குழிக்கு எருவாகப் போனது. அடுத்த வருடம் அவர் நாற்று முழுவதையும் ஆயுத பூஜையை நம்பி ஒரே நாளில் நடவில்லை. பதினைந்து நாள் இடைவெளி விட்டு இரண்டு பங்காக நட்டார். வரப்போரம் நாலு செடியை மட்டும் மருந்து படாமல் விட்டுவைத்தார். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் துணி வேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள்.