எழுபது இட்லியும் ஒரு கிண்ணம் ராமெனும்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று மலர்க்குழு நண்பன் ஒரு வாரமாகத் துரத்தினான். கவிதை எனக்கு வராது. அதனால் நான் சாப்பிட்ட கதையை எழுதுகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரை படியுங்கள்.

நான் மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள். போன மே மாதம் நாங்கள் நாலு பேர் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குப் பதினைந்து நாள் இன்பிளான்ட் டிரெயினிங் போனோம். கடைசி நாள் செக்‌ஷன் இன்சார்ஜ் சார், "வாங்கடா, இன்னிக்கு உங்களுக்கு ஜப்பான் சாப்பாடு!" என்று காரில் ஏற்றிக்கொண்டார். அவர் ஆறு மாதம் ஜப்பானில் டிரெயினிங் எடுத்தவர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜப்பான், கொரியா கம்பெனிகள் வந்தபின் அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளும் கூடவே வந்துவிட்டன.

உள்ளே போனால் ஏ.சி., மர மேஜை, மங்கலான விளக்கு. சமையல் நடப்பது நம் கண்ணெதிரிலேயே தெரிகிறது. மெனுவைப் பிரித்தேன். ராமென் ஒரு கிண்ணம் 560 ரூபாய். ஆவியில் வெந்த பன் இரண்டு 320 ரூபாய். என் மனசு உடனே கணக்குப் போட்டது. ஒரு இட்லி 8 ரூபாய் என்றால் கிண்ணம் எழுபது இட்லி, பன் நாற்பது இட்லி. ஏன் இட்லியில் கணக்குப் போட்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

"வீட்ல அப்பா, அம்மா என்ன பண்றாங்க?" என்று சார் ஒவ்வொருவராகக் கேட்டார். என் முறை வந்தது. "அப்பா லோடு ஏத்துறார் சார். அம்மா வீட்லதான் இருக்காங்க" என்றேன்.

பொய்! என் அம்மா பதினொரு வருஷமாகப் பஸ் ஸ்டாண்டு எதிரே தள்ளுவண்டியில் இட்லி விற்கிறாள். ஏழாம் வகுப்பில் ஒருத்தன் "இட்லிக்காரி மவனே" என்று கூப்பிட, வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எந்தப் பாரத்திலும் அம்மாவின் தொழில் 'இல்லத்தரசி'தான். நம் கல்லூரி விண்ணப்பத்திலும் அப்படியே எழுதினேன். அந்த விண்ணப்பத்தோடு கட்டிய பணமே இட்லிப் பணம்!

ராமென் வந்தது. கோழிச் சாறு கேட்டிருந்தோம். மேலே பாதியாய் வெட்டிய முட்டை, வெங்காயத்தாள், கடற்பாசித் தாள். குச்சியால் எடுத்தால் நூடுல்ஸ் வழுக்கி வழுக்கிக் கிண்ணத்துக்கே திரும்பிவிட்டது. நண்பன் தன் சட்டைக்கும் கொஞ்சம் ஊட்டினான். "உறிஞ்சிச் சாப்பிடுடா, சத்தம் வரட்டும். அங்கே அது தப்பில்லை. சூடும் ஆறும், வாசனையும் தெரியும்" என்றார் சார். வீட்டில் ரசத்தை உறிஞ்சினால் திட்டு விழும். இங்கே உறிஞ்சாவிட்டால் திட்டு!

இது ஆதியில் சீனத்து நூடுல்ஸாம். தோக்கியோவின் அசாகுசாவில் 1910-ல் தொடங்கிய ராய்ராய்கென் என்ற கடையிலிருந்து பெரிதாகப் பரவியதாம். மாவில் காரத்தன்மையுள்ள உப்புக் கலந்த நீரை ஊற்றிப் பிசைவதால்தான் அந்த மஞ்சள் நிறமும் இழுத்தால் துள்ளும் தன்மையும். இரண்டு நிமிடத்தில் நாம் ஹாஸ்டலில் கிண்டுகிறோமே, அந்த இன்ஸ்டன்ட் வகையை 1958-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் மோமோஃபுகு ஆண்டோ.

அப்போதுதான் சமையல்காரத் தம்பி மூங்கில் தட்டின் மூடியைத் திறந்தான். குபுக்கென்று ஆவி. அவன் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூடியைத் தன்னை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்தான். எனக்குத் திக்கென்றது. அச்சு அசல் அம்மா! விடியற்காலை நாலரை மணிக்கு இட்லிப் பானையை அவள் இப்படித்தான் திறப்பாள்.

பன் மேஜைக்கு வந்தது. வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி. நடுவில் மடித்துக் கோழிக்கறி. நம் மாவு உளுந்தும் அரிசியும் புளித்து உப்புகிறது. இது கோதுமை, ஈஸ்ட் போட்டு உப்புகிறது. வேகவைப்பது இரண்டுக்கும் ஒரே ஆவி.

சார் வைவா ஆரம்பித்துவிட்டார். "கொதிநீரும் 100 டிகிரி, ஆவியும் 100 டிகிரி. ஆவி பட்டா மட்டும் ஏண்டா அதிகமா சுடுது?"

"உள்ளுறை வெப்பம் சார். ஒரு கிலோ ஆவி தண்ணியா மாறும்போதே 2257 கிலோஜூல் விடும். அதுக்கப்புறம்தான் அந்தத் தண்ணி வேற சுடும்."

"கரெக்ட். புத்தகத்துல படிச்சதா, பட்டுத் தெரிஞ்சதா?"

அம்மாவின் வலது மணிக்கட்டில் இருக்கும் பழைய தழும்பு கண்முன் வந்தது. வாய் தானாகப் பேசியது. "எங்கம்மாவுக்குப் பட்டிருக்கு சார். அவங்க வீட்ல இல்ல சார். இட்லிக் கடை போட்டிருக்காங்க."

தலை குனிந்து உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சார், "ஒரு ஈடுக்கு எத்தனை இட்லி? விறகா, கேஸா?" என்று தொழில்காரரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார். நண்பன்தான் கோபித்துக்கொண்டான். "ரெண்டு வருஷமா சொல்லவே இல்லியேடா பாவி! எத்தனை ஓசி இட்லி போச்சு!"

அன்று இரவு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பொய்யைத் தவிர. "ரெண்டு பன்னு முந்நூத்தி இருவதா!" என்று அம்மா வாயைப் பிளந்தாள். பிறகு, "வயிறு நெறஞ்சுதாடா?" என்று கேட்டாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. பாரத்தில் என்ன எழுதினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் உளுந்தைக் களைந்துகொண்டிருந்தாள். "சரி, போய்ப் படு. காலையில கொஞ்சம் தண்ணி தூக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

இந்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்: இட்லிக் கடை' என்று எழுதியிருக்கிறேன். தோழர்களே, எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் காலை ஆறு மணிக்குள் பஸ் ஸ்டாண்டு எதிரே வாருங்கள். குச்சி தேவையில்லை, கையாலேயே சாப்பிடலாம். தண்ணீர் தூக்கிக்கொண்டிருப்பவன் நான்தான்!